ஆறா எட்டா

கொம்தார் மூன்றாவது மாடியில்
பூன் கியாட் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான்.
விலை ஒன்றுதான், ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு ரிங்கிட்.
இதில் எட்டு கோர், கொஞ்சம் நிதானம்.
இதில் ஆறு, ஆனால் ஓட்டம் அதிகம்.
"எது வேணும்லா அக்கா?" என்று கேட்டுவிட்டு
ஆறிப்போன மீ கோரெங்கில் முள்கரண்டியைச் செருகினான்.
போர்டும் மெமரியும் போன வாரமே வாங்கியாயிற்று.
மூளை மட்டும் பாக்கி.

நான் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவள்.
பட்டர்வொர்த்திலிருந்து நிபோங் திபால் வரை
பதினோரு வருடமாகப் பிறத்தியார் தாலிகளை
முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்திருக்கிறேன்.
இப்போது கையில் இருப்பது சுங்கை பக்காப் கல்யாணம்.
மணப்பெண் கண்ணைத் துடைக்கும் இடத்தில்
பழைய கணினி உறைந்துபோகும்.
ஒரு சொட்டு கன்னத்தில் பாதி வழியில் நிற்கும்.
போய் அரிசி களைந்து வைத்துவிட்டு வருவேன்.
இன்னும் நின்றுகொண்டிருக்கும்.

எட்டு என்றால் எட்டுப் பேர் வேலை செய்வார்கள்
என்றுதான் நானும் நினைத்தேன்.
பந்திக்குச் சரி.
வெங்காயத்தை ஆளுக்கு ஐந்து கிலோ பிரித்துக் கொடுக்கலாம்,
அழுவதையும் பிரித்துக்கொள்ளலாம்.
மேடையில் நடப்பதை என்ன செய்ய?
முதல் முடிச்சை அவன் போட்ட பிறகுதான்
நாத்தனார் இரண்டாவதைத் தொடுவாள்.
மூன்றையும் மூன்று பேர் ஒரே நொடியில் போட்டால்
அதற்குப் பெயர் சிக்கல்.

தைப்பூசத்தன்று டத்தோ கெராமாட் சாலையில்
ஆயிரம் கை ஒன்றாகத் தேங்காய் உடைக்கும்.
ஓடு தெறிக்கும், இளநீர் செருப்பை நனைக்கும்,
ஒரு மலையே நொறுங்கும் ஐந்து நிமிடத்தில்.
தேர் மட்டும் ஒன்று.
நின்று, தட்டு வாங்கி, நகர்ந்து, மறுபடி நின்று
அது தண்ணீர்மலை சேர நள்ளிரவு தாண்டும்.
உடைக்க இன்னொரு ஆயிரம் பேர் வந்தால்
சீக்கிரம் வந்துவிடுமா?
தேங்காய் பொறுக்குகிறவர்களுக்கு வேண்டுமானால் லாபம்.

லோகேந்திரனுக்குப் போன் போட்டேன்.
பாயான் லெப்பாஸில் சிப் சோதிக்கும் கூடத்தில் இரவு ஷிப்ட்,
மாலை நாலு மணி அவனுக்கு நடுச்சாமம்.
"அந்த ஆறு, எட்டாகப் பிறந்ததாகக்கூட இருக்கும்"
என்றான் தூக்கக் குரலில்.
"ரெண்டு தேறலன்னா அதை மூடிட்டு
ஆறுன்னு அச்சடிச்சு அனுப்புறது உண்டு.
கெட்டுப்போனது இல்ல. பேரு மாறும், அவ்வளவுதான்."
கொஞ்சம் பேசாமல் இருந்தான்.
"வேகம்னா சூடு. காத்தாடியும் சேர்த்து வாங்கு."
போன வருடம் மூன்று மாதம் டபுள் ஷிப்ட் அடித்து
பெரியாஸ்பத்திரியில் இரண்டு இரவு கிடந்தவன்,
சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கணக்குப் போட்டேன் கடைப்படியில் நின்று.
முழுப்படத்தையும் கோத்து எடுக்கும் வேலை
நான் தூங்கும்போது நடப்பது.
நாலு மணி நேரமோ ஆறு மணி நேரமோ
என் கனவுக்கு என்ன நஷ்டம்?
விழித்திருந்து, மவுஸில் விரலை வைத்துக்கொண்டு
அடுத்த நொடிக்காகக் காத்திருக்கிறேனே
அது என் ஆயுசு.

ஆறை எடுத்தேன்.
காற்றாடிக்கு எழுபத்தைந்து தனியாக.
எட்டை வாங்க வந்த கல்லூரிப் பையன்
என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

அன்றிரவு அந்த இடத்தை ஓடவிட்டேன்.
சொட்டு நிற்காமல் விழுந்தது.
அதன் பின்னால் இருந்ததை முதல் முறையாகப் பார்த்தேன்:
அவள் அழவில்லை.
ஓமப்புகை.
கண்ணைத் துடைத்த கையோடு தோழியிடம்
என்னவோ கேட்டுச் சிரிக்கிறாள்,
மணி என்ன என்றோ, சாப்பாடு ஆயிற்றா என்றோ.

அங்கே ஒட்டி வைத்திருந்த சோக வயலினை
உருவி எறிந்தேன்.
எக்ஸ்போர்ட்டை அழுத்திவிட்டு விளக்கை அணைத்தேன்.
இனி ஆறு பேரும்
அவரவர் வெங்காயத்தை நறுக்கட்டும்.